வெள்ளிக்கிழமை மத்தியான வகுப்பு

மரினால்வாவுக்கு ஓட்டுப் போடாத பெண்பிள்ளை எங்கள் ஊர் சாவ் ஜெலாசியோவில் ஒருத்திகூட இருந்திருக்க மாட்டாள். எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒரு குழந்தைக் காப்பு மன்றம் உண்டு. அதில் உட்காரும் ஐந்து பேரையும் ஊர்தான் ஓட்டுப் போட்டு அனுப்ப வேண்டும். நிற்கிறவர்கள் வழக்கமாகப் பாதிரிக்கு வேண்டியவர்கள், மேயருக்கு வேண்டியவர்கள், சீருடையைக் கழற்றிய பிறகு பொழுது போகாத பழைய போலீஸ்காரர்கள். நகம் வெட்டிச் சாயம் பூசுகிற ஒருத்தி நின்றது அதுதான் முதல் தடவை. நின்றாள், ஜெயித்தாள், அதுவும் முதலிடத்தில். இரண்டாம் இடத்துக்கு வந்த முன்னாள் சார்ஜென்ட் வால்டோமிரோவுக்கு அது இன்றுவரை ஜீரணமாகவில்லை.

ஏன் ஜெயித்தாள் என்று கேட்டால், அவளிடம் பேசினால் மனசு லேசாகும், அவ்வளவுதான். படகுத்துறை மருந்துக்கடைத் தாழ்வாரத்தில் ஒரு ஸ்டூல், ஒரு பேசின் வெந்நீர், எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வந்து உட்காருகிறவளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். ஒன்றும் கேட்கமாட்டாள். தலையைக் குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டுவாள். கை ஒருத்தியிடம் அகப்பட்டிருக்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்ளும் போலிருக்கிறது. எந்தப் புருஷன் அடித்தான், எந்த மாமியார் பட்டினி போட்டாள், எந்தப் பெண் யாரிடம் ஏமாந்தாள் எல்லாம் அந்தப் பேசினுக்குத் தெரியும். அதில் ஒரு சொல்கூடத் தெருவுக்கு வந்ததில்லை. அதனால்தான் ஓட்டு.

பதவிக்கு வந்த முதல் வருஷமே மாநிலத் தலைநகர் பெலேமில் பயிற்சி என்று ஓலை வந்தது. மூன்று நாள், புதன் முதல் வெள்ளி வரை. ஆற்றில் ஒரு பகலும் ஒரு இரவும் கப்பலில் போக வேண்டும். மரினால்வா புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு போனாள். பயிற்சி நடந்த ஓட்டல் மண்டபத்தில் ஏசி குளிர் எலும்பைத் துளைத்தது. கழுத்தில் பெயர் அட்டையை மாட்டிவிட்டார்கள். வழக்கறிஞர், மனநல டாக்டர், சமூக சேவகர் என்று சுற்றிலும் பெரிய பெரிய படிப்பு. இவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். காப்பி இடைவேளையில் பாலாடைக்கட்டி ரொட்டியை எடுக்கக்கூடக் கூச்சப்பட்டுச் சுவரோரம் நின்றாளாம். பிற்பாடு அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

பாடம் நடத்தியவர் டாக்டர் லெத்தீசியா. குட்டையாக வெட்டிய நரைமுடி, அதிராத பேச்சு. முதல் நாளே ஒரு பயிற்சி வைத்தார். மரினால்வாவைக் கூப்பிட்டு நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"சின்ன வயசுல திருடின ஒரு பொருள நெனச்சுக்குங்க. யார்கிட்டயும் சொல்லாதது. இப்ப வரிசையா ஏழு பேரு வருவாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் முதல்லேருந்து சொல்லுங்க."

ஒருவர் டீச்சர் வேஷம், ஒருவர் நர்ஸ், ஒருவர் போலீஸ், ஒருவர் வக்கீல். எல்லாரும் அதையே கேட்டார்கள். எத்தனை மணிக்கு, எந்தக் கையால், ஏன் அப்போதே சொல்லவில்லை. அவள் திருடியது தன் சின்னம்மாவின் ஒரு சீப்பு. வெறும் சீப்பு! நாலாவது ஆள் கேட்கும்போது மரினால்வா முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள்.

"ஒரு சீப்புக்கே இப்படி" என்றார் டாக்டர் லெத்தீசியா, அவள் தோளில் கை வைத்தபடி. "அந்தப் பிள்ளைங்க சுமக்கறது சீப்பு இல்ல. அதனாலதான் சட்டம் சொல்லுது, பிள்ளை ஒரே ஒரு தடவைதான் சொல்லணும். அதுக்குன்னு படிச்சவங்ககிட்ட, அதுக்குன்னு இருக்கற அறையில. நீங்க கேக்கக் கூடாது. நீங்க விசாரணை அதிகாரி இல்ல. நீங்க கேக்கற ஒவ்வொரு கேள்வியும் புண்ணக் கீறிப் பாக்கற மாதிரி."

அந்தச் சொல் மரினால்வாவின் நெஞ்சில் ஆணியடித்த மாதிரி இறங்கிவிட்டது. மறுநாளும் அதையேதான் வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். கேட்காதே. தோண்டாதே. முடியாததை வாக்குக் கொடுக்காதே. உரிய அறைக்கு அனுப்பு.

வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் டாக்டர் லெத்தீசியா கேட்டார்.

"ஆத்தோர ஊர்க்காரங்க கைய தூக்குங்க. கப்பல் எத்தன மணிக்கு?"

பாதி மண்டபம் கை தூக்கியது. கப்பல் இரண்டு மணிக்கு. விட்டால் அடுத்தது செவ்வாய்க்கிழமைதான். நாலு நாள் ஓட்டல் செலவை யார் தருவார்கள்?

"சரி, சரி. இன்னும் ஒரு வகுப்புதான் பாக்கி. உங்களுக்கெல்லாம் சான்றிதழ இப்பவே குடுத்துடறேன், பத்திரமா போய்ச் சேருங்க" என்று அவர் சிரித்தார். நல்ல மனுஷி. மனசறிந்து யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆற்றோரக்காரர்கள் கைதட்டிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைசி வகுப்பு எதைப் பற்றி என்று ஒருவரும் கேட்கவில்லை. இது முதல் தடவையும் இல்லை. பெலேமில் எந்தப் பயிற்சி நடந்தாலும் எங்கள் ஆட்களுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் கிடையாது. கப்பல் அப்படி.

மரினால்வா சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மன்ற அலுவலகச் சுவரில் மாட்டினாள். அவள் வாழ்க்கையில் வாங்கிய முதல் சான்றிதழ். வால்டோமிரோ சும்மா இருப்பாரா?

"ஏம்மா மரினால்வா, நகத்துக்கு டாக்டர் பட்டம் குடுத்துட்டாங்களா?"

"குடுத்தாங்க, சார்ஜென்ட். வாய்க்குக் குடுக்கற பட்டத்த உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்காங்க."

"நான் இருபத்தஞ்சு வருஷமா கேள்வி கேட்டுப் பொழச்சவன்."

"அதான் ஊர்ல எந்தப் பிள்ளையும் உங்களக் கண்டா வாயத் தெறக்கறதில்ல. இனிமே இங்க யாரும் எந்தப் பிள்ளையையும் ஒண்ணும் கேக்கக் கூடாது. நான் படிச்சுட்டு வந்திருக்கேன்."

படிச்சுட்டு வந்திருக்கேன். அதை அவள் அந்த மாதம் எத்தனை தடவை சொன்னாளோ!

மழை தொடங்கும் சமயத்தில் தாக்குவாரா ஓடைப் பள்ளிக்கூடத்து டீச்சர் சொக்கோரோ போன் செய்தாள். ரைலானி என்று பத்து வயசுப் பெண். வெள்ளிக்கிழமை ஆனால் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று பள்ளிக்கூடத் தூணைக் கட்டிக்கொள்கிறாள். ஏன் என்றால் பதில் இல்லை. போன வாரம் டீச்சர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்ததாம்.

"எனக்கு மனசே சரியில்ல அக்கா. அந்தப் பிள்ளை அழவும் இல்ல. சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு" என்றாள் டீச்சர்.

மன்றத்துப் படகில் மரினால்வா கிளம்பினாள். படகு ஓட்டுகிறவன் டீக்கோ, வாய் ஓயாதவன். இரண்டு மணி நேரப் பயணம். ரைலானியின் அம்மா கிளியோனிசி மரவள்ளி மாவு வறுத்துக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. அவளுடைய இரண்டாம் புருஷன் ஒடிவால்டோதான் எதிர்கொண்டு வந்தான். ஓடைப் பக்கத்தில் அவனைப் பற்றிக் குறை சொல்ல ஆள் கிடையாது. யாருக்காவது காய்ச்சல் என்றால் காசு வாங்காமல் தன் படகில் டவுனுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பான். ஞாயிறு தவறாமல் கோயில். வந்தவளுக்கு ஒரு கிண்ணம் நிறைய அசாய்ப் பழச்சாறு ஊற்றி, மாவும் தூவிக் கொடுத்தான்.

"பிள்ளைக்கு ஏதோ பயம், அக்கா. கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. எனக்கும் நிம்மதி" என்றான்.

ரைலானி ஒரு பையில் இரண்டு கவுனைத் திணித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படகில் ஏறினாள். நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை டவுனில் உள்ள குழந்தைகள் இல்லத்தில் தங்கவைப்பதாக ஏற்பாடு.

படகு ஓடையைத் தாண்டி ஆற்றுக்கு வந்ததும் வெயில் சுள்ளென்று அடித்தது. மரினால்வா பக்கத்தில் இருந்த பிள்ளையின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வேண்டுமென்று இல்லை, பழக்கம். நகக்கண்ணில் அசாய்க் கறை கருப்பாக ஏறியிருந்தது. தன் கட்டைவிரல் நகத்தால் மெதுவாகச் சுரண்டி எடுக்க ஆரம்பித்தாள். ஒரு விரல், அடுத்த விரல். மோட்டார் சத்தத்தில் டீக்கோவுக்கு ஒன்றும் கேட்காது.

"அத்தே" என்றாள் ரைலானி.

"ம்."

"எங்கம்மா சனிக்கிழமை சந்தைக்கு மாவு விக்கப் போவாங்க இல்ல?"

"ம்."

"அம்மா போனப்புறம் அவரு எங்கிட்ட…"

அப்போதுதான் மரினால்வாவுக்குப் பெலேம் நினைவுக்கு வந்தது. ஏசி மண்டபம், நாற்காலி, ஏழு பேர், சீப்பு. பிடித்திருந்த கையைச் சட்டென்று விட்டாள்.

"வேணாம் கண்ணு. நிறுத்து. இத எங்கிட்ட சொல்லக் கூடாது."

பிள்ளை அவளைப் பார்த்தாள்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இதக் கேக்கறதுக்குன்னே ஒரு அத்தை இருக்காங்க. ரூம்ல பொம்மையெல்லாம் இருக்கும். அவங்ககிட்ட ஒரே ஒரு தடவ சொன்னாப் போதும். அதுவரைக்கும் மனசுக்குள்ளயே வெச்சுக்க. சரியா?"

"அவங்க யாரு?"

"நல்லவங்க. படிச்சவங்க."

"எனக்கு அவங்களத் தெரியாதே."

"போனாத் தெரிஞ்சுக்கலாம்."

ரைலானி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். டவுன் வரும்வரை அந்தக் கையை வெளியே எடுக்கவில்லை. மரினால்வாவுக்கோ உள்ளுக்குள் ஒரே பெருமை. பெருமை, பாருங்கள்! புண்ணைக் கீறாமல் கொண்டுவந்துவிட்டோம், டாக்டர் லெத்தீசியா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார் என்று நினைத்தாள். நகம் வெட்டுகிறவளாக மட்டும் அவள் அன்றைக்கு அந்தப் படகில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! எனக்கு நினைத்தாலே வயிறு எரிகிறது.

கேட்கும் அறை எங்கள் ஊரில் இல்லை. மாவட்டத் தலைநகரில்தான். அங்கே முறை வரப் பல வாரம் ஆகும் என்றார்கள். மரினால்வா அடிக்கடி இல்லத்துக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவந்தாள். ரொட்டி, மாம்பழம், நகச்சாயம் என்று ஏதாவது கொண்டுபோவாள். சாப்பாடு, மழை, பள்ளிக்கூடம் தவிர வேறு பேச்சு எடுக்கமாட்டாள். ஒருநாள் ரோஜா நிறச் சாயத்தைப் பூசிக்கொண்டிருந்தபோது ரைலானி மறுபடி ஆரம்பித்தாள்.

"அத்தே, அன்னிக்குப் படகுல சொன்னேனே…"

"இதுக்கு மேல வெள்ளைப் புள்ளி வெக்கட்டுமா?" என்றாள் மரினால்வா அவசரமாக.

பிள்ளை தன் நகங்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெய்ங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த நாளும் வந்தது. அறை சுத்தமாக இருந்தது. பொம்மைகள், குட்டி நாற்காலிகள், மென்மையாகப் பேசும் ஒரு பெண். மரினால்வா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டினாள். ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. ரைலானி கையில் தான் வரைந்த ஒரு படத்தோடு வந்தாள். படகு, இரண்டு மீன், ஒரு சூரியன். வீட்டில் எப்படி என்றதற்கு "நல்லாருக்கு" என்றாளாம். யாராவது பயமுறுத்தினார்களா என்றதற்கு இல்லை என்று தலையை ஆட்டினாளாம். பள்ளிக்கூடத் தூணைப் பற்றிக் கேட்டதற்கு, அது விளையாட்டு என்றாளாம்.

அரசு வழக்கறிஞர் இளைஞர். மரினால்வாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"டாக்டர் சோதனையிலயும் ஒண்ணும் இல்ல. பிள்ளையும் ஒண்ணும் சொல்லல. உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா? அவளா சொன்னதுன்னா உங்க வாக்குமூலத்த எடுத்துக்கலாம்."

"சொன்னா. சனிக்கிழமை அம்மா சந்தைக்குப் போனப்புறம் அவரு எங்கிட்டன்னு…"

"ம், எங்கிட்ட?"

"அவ்வளவுதான்."

"அதுக்கு மேல சொல்லலையா?"

"நான் நிறுத்திட்டேன், சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏன்?"

"ஒரு தடவைதான் சொல்லணும்னு… புண்ணக் கீறக் கூடாதுன்னு…" என்று மென்று விழுங்கினாள் மரினால்வா.

"பாதி வாக்கியத்த வெச்சுக்கிட்டு நான் எந்த நீதிபதி முன்னாடி போய் நிக்கறது?"

"இன்னொரு தடவ கேக்கச் சொல்லுங்க. நான் கூட உக்காந்துக்கறேன். எங்கிட்ட சொல்லுவா."

"ஒரே தடவைன்னுதானே சட்டம்? காரணம் இல்லாம மறுபடி கேட்டா அவங்க வக்கீல் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாரு. புதுசா ஏதாவது நடந்தா வாங்க, பாக்கலாம்."

"நடந்தாவா?" என்றாள் மரினால்வா.

அவர் நல்ல பையன்தான். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி முகம் சிவந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்க வேண்டியது, மன்றம் அவ்வப்போது பார்த்துவர வேண்டியது.

"நான் கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல கக்க வெச்சிருப்பேன்" என்றார் வால்டோமிரோ. மரினால்வா எதிர்த்துப் பேசாததைப் பார்த்து அவருக்கே என்னவோ போலாகிவிட்டது. எழுந்துபோய் அவளுக்கு ஒரு டம்ளர் காப்பி ஊற்றிவந்து மேஜையில் வைத்தார். அவள் தொடவில்லை. பெலேமுக்குப் போன் போட்டாள்.

டாக்டர் லெத்தீசியாவுக்கு அவளை நன்றாக நினைவிருந்தது. "சீப்பு!" என்று உற்சாகமாகக் கூவினார். மரினால்வா நடந்ததைச் சொன்னாள்.

"நீங்க சொன்ன மாதிரிதானே செஞ்சேன், டாக்டரம்மா? கேக்கக் கூடாதுன்னீங்க. நான் கேக்கல."

"மரினால்வா, பிள்ளை தானா வாயத் தெறந்தா நிறுத்தவே கூடாது. ஒண்ணும் கேக்காம, குறுக்க பேசாம, முடியற வரைக்கும் கேட்டுக்கணும். அப்புறம் அது சொன்ன வார்த்தைய அப்படியே எழுதிவெச்சுக்கணும். பிள்ளை யாரத் தேர்ந்தெடுத்துச் சொல்லுதோ அவங்கதான் கேக்கணும். மறுபடி தேர்ந்தெடுக்குமான்னு சொல்ல முடியாது. அதுக்குன்னு ஒரு முழு வகுப்பே எடுத்தேனே."

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை. மத்தியானம்."

"எங்க கப்பல் ரெண்டு மணிக்கு."

"தெரியும். நான்தானே உங்கள அனுப்பி வெச்சேன்" என்றார் டாக்டர் லெத்தீசியா. குரல் உடைந்திருந்தது. "அடுத்த தடவ அத முதல் நாளே வெச்சுடறேன். கண்டிப்பா வெச்சுடறேன்."

அடுத்த தடவை. மரினால்வா போனை வைத்துவிட்டு சுவரில் தொங்கிய சான்றிதழைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் கேட்காமல் "ம்" கொட்டுவது. அதைத்தானே அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பாதி ஆயுசு செய்தாள்? அதைச் செய் என்று ஒரு வகுப்பு. அது நடந்தபோது இவள் கப்பல் தளத்தில் கையில் சான்றிதழோடு சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறாள். தலையில் அடித்துக்கொள்வதா, சிரிப்பதா?

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். படகில் அதே இடத்தில் உட்கார்ந்தார்கள். ஆறு மழைத்தண்ணீரில் கலங்கிக் காப்பி நிறத்தில் ஓடியது. மரினால்வா பிள்ளையின் கையைத் தேடினாள். அது பைக்குள் இருந்தது.

"ரைலானி, அன்னிக்கு நான் பண்ணது தப்பு கண்ணு. நீ எங்கிட்ட எத வேணாலும் சொல்லலாம். இப்ப சொல்லு. நான் கேக்கறேன். முழுசா கேக்கறேன்."

"ஒண்ணுமில்ல அத்தே."

"அத்தைய மன்னிச்சுடு. அத்தை ஒரு முட்டாள்."

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்றாள் ரைலானி. யாரோ மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. பிறகு, "அங்க போறதுக்குள்ள பிஸ்கட் சாப்பிடலாமா?" என்று கேட்டாள்.

ஒடிவால்டோ இறங்குபலகையில் நின்றிருந்தான். பையை வாங்கிக்கொண்டு, பிள்ளையின் தலையைத் தடவினான். கிளியோனிசி வாசலில் நின்று இடுப்பில் கட்டிய துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"ரொம்ப நன்றி, அக்கா. இல்லத்துக்கு அவங்கம்மா பாக்கப் போனப்ப பாப்பா சொல்லுச்சாம், அக்கா எதையும் தோண்டித் துருவிக் கேக்கவே இல்லன்னு. படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றான் ஒடிவால்டோ.

மரினால்வா படகில் இறங்கி உட்காரத்தான் திரும்பினாள். உட்கார்ந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் குனிந்து பலகைக்கு அடியிலிருந்து தன் தூளியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ஆற்றுப் பயணத்தில் தூளி இல்லாமல் கிளம்புகிறவர்கள் எங்களில் யாரும் இல்லை. பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் படுக்கை அதுதான்.

"டீக்கோ, நீ போயிட்டு திங்கக்கிழமை வா."

"என்னக்கா? சார்ஜென்ட் கேட்டா என்ன சொல்ல?"

"நகம் வெட்டப் போயிருக்கான்னு சொல்லு."

ஒடிவால்டோவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது.

"அக்கா தங்கறதுக்கு எங்க வீட்ல வசதி பத்தாதே."

"எனக்கென்ன வசதி? ரெண்டு கொக்கி போதும்."

உத்தரவில் பிள்ளையை ஒப்படைக்கச் சொல்லியிருந்தது. ஒப்படைத்துவிட்டாள். ஒப்படைத்தவள் உடனே கிளம்ப வேண்டும் என்று அதில் இல்லை. எங்கள் ஆற்றோரத்தில் தூளியோடு வந்து நிற்கிறவரைப் போ என்று சொன்னவன் அப்புறம் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. நல்லவன் என்று பேரெடுத்தவனுக்கு அது இன்னும் கஷ்டம். ஒடிவால்டோ கொக்கியைக் காட்டினான். அவள் பிள்ளையின் தூளிக்குப் பக்கத்துக் கொக்கியைக் கேட்டு மாட்டினாள்.

மறுநாள் சனிக்கிழமை. விடியலில் கிளியோனிசி மாவு மூட்டைகளோடு சந்தைப் படகுக்குப் போனாள். போகும்போது மரினால்வாவின் தூளிப் பக்கம் ஒரு கணம் நின்றாள். ஏதோ சொல்லப் போகிறாள் போலிருந்தது. மரினால்வாவின் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போய்விட்டாள். தெரிந்துதான் இத்தனை நாள் போனாளா, தெரியாமல் போனாளா? மரினால்வாவுக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

பகல் முழுக்க மரினால்வா அந்த வீட்டை விட்டு இறங்கவில்லை. ஒடிவால்டோ உள்ளே வந்தான், வெளியே போனான், வலையைப் பிரித்தான், சுருட்டினான். கடைசியில் மீன் பிடிக்கப் போகிறேன் என்று துடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ரைலானி தரையில் உட்கார்ந்து, மரினால்வாவின் தூளி விளிம்பில் தொங்கும் நூல்குஞ்சத்தைப் பின்னினாள், பிரித்தாள், மறுபடி பின்னினாள். மரினால்வா ஒன்றும் கேட்கவில்லை. உடம்பெல்லாம் காதாகப் படுத்திருந்தாள். தகரக் கூரையில் மழை வந்தது, நின்றது. பிள்ளை பேசவே இல்லை. ஆனால் மத்தியானத்துக்கு மேல் அப்படியே தரையில் சரிந்து தூங்கிப்போனாள். வாயைத் திறந்துகொண்டு, கையைக் காலைப் பரப்பிக்கொண்டு, அப்படி ஒரு தூக்கம். அதைப் பார்த்துத்தான் மரினால்வாவுக்கு அழுகை வந்தது.

ஞாயிறு கோயிலோடு போனது. திங்கட்கிழமை காலையில் டீக்கோ வந்து ஹாரன் அடித்தான்.

"சார்ஜென்ட் குதிக்கறாரு, அக்கா. யாரோ நீதிபதிக்குப் போன் போட்டுட்டாங்களாம், மன்றத்து ஆளு வீடு புகுந்து உக்காந்துக்கிட்டு எழுந்திரிக்க மாட்டேங்கறான்னு. இந்த வாரக் கடைசி உங்க முறை வேற, சனி ஞாயிறு மேல் ஆத்துப் பக்கம் டூட்டி."

மரினால்வா தூளியைக் கழற்றிச் சுருட்டினாள். எவ்வளவு மெதுவாகச் சுருட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக. ரைலானி இறங்குபலகை வரைக்கும் கூடவே வந்தாள். படகில் ஒரு கால் வைத்த பிறகு பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தே, அடுத்த சனிக்கிழமையும் வருவீங்களா?"

மரினால்வா அப்படியே நின்றாள். இத்தனை நாள் யார் யாரோ, எந்தெந்த அறையிலோ கேட்டுக் கிடைக்காத பதில் அது. முழுசாகக் கேட்டாள். இதை எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தால் வழக்கறிஞர் என்ன சொல்வார் என்பதும் தெரிந்தது. பிள்ளை ஒரு கேள்விதானே கேட்டிருக்கிறாள், புதுசாக என்ன நடந்தது என்பார். அந்தச் சனிக்கிழமை தான் மேல் ஆற்றில் இருக்க வேண்டும் என்பதும், முடியாததை வாக்குக் கொடுக்காதே என்று முதல் இரண்டு நாளில் படித்த பாடமும் நினைவுக்கு வந்தன. அந்த வகுப்பில் அவள் இருந்தாள்.

"வருவேன் கண்ணு" என்றாள்.

ரைலானி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிடித்திருந்த சட்டையை விட்டாள்.

"பரவால்ல அத்தே" என்றாள்.